கலங்கலும் புளிப்பும் கைவினையின் அடையாளமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு ஆலைகள் கைவினையாகத் தயாரிக்கும் கிராஃப்ட் பீரைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் நன்றி. பீர் என்றாலே ஒன்று போதையைப் பற்றி எழுதுவார்கள், இல்லாவிட்டால் அரசு வருமானத்தைப் பற்றி எழுதுவார்கள், ருசியைப் பற்றி ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். ஆனால் கட்டுரையின் நடுவில் ஒரு கருத்து வந்தது, அதைப் படித்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பீர் கொஞ்சம் கலங்கலாக, கொஞ்சம் புளிப்பாக, ஒரு பாட்டிலுக்கும் அடுத்த பாட்டிலுக்கும் ருசி மாறி இருந்தால் அதுதான் கையால் செய்ததற்கு அடையாளம், அதைக் குறையாகப் பார்க்கக்கூடாது என்று கட்டுரையாளர் சொல்லியிருந்தார்.

வீட்டில் ஏல் என்ற பீர் வகையைத் தயாரித்து நண்பர்களோடு சேர்ந்து ருசி பார்ப்பதைப் பல வருஷமாகச் செய்துவருகிறவன் நான். என் அனுபவத்தில் கிராஃப்ட் பீருக்கும், வீட்டிலேயே பீர் தயாரிக்கும் ஹோம்புரூவுக்கும் இந்த மாதிரியான கருணையான பாராட்டைவிடப் பெரிய கெடுதல் வேறு இல்லை. கெட்டுப்போன பீரைக் கையில் கொடுத்து இதுதான் கைவினை என்று சொன்னால், முதல் தடவை குடிப்பவர் என்ன நினைப்பார்? கைவினை என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அத்தோடு விட்டுவிடுவார். குறையைக் குறை என்று பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தால்தான் நல்லதை நல்லது என்று சொல்வதற்கும் ஒரு மதிப்பு இருக்கும்.

கலங்கலை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் பவேரியாவில் செய்யும் ஹெஃபவைஸன் என்ற கோதுமை பீர் கலங்கலாகத்தான் இருக்கும், கோதுமையின் புரதமும் பாட்டிலில் மிதக்கும் ஈஸ்டும் சேர்ந்து தருகிற கலங்கல் அது, அதில் கண்ணாடி போலத் தெளிவாக ஒன்று வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஹேஸி ஐ.பி.ஏ. (மங்கலான இந்தியா பேல் ஏல்) என்று ஒன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் பிறந்தது, ஓட்ஸும் கோதுமையும் சேர்த்து, நொதிக்கும்போதே கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூவை அள்ளிக் கொட்டி, வேண்டுமென்றே மங்கலாக வைப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது மட்டும் மூட்டமாகத் தெரிந்து, குளிர் குறையக் குறையத் தெளிந்துவிடுகிற பீரும் உண்டு, புரதமும் பாலிஃபீனால் என்ற தாவரப் பொருளும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அப்படி ஆகிறது, ருசி ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் தெளிவாக இருக்க வேண்டிய பில்ஸ்னர் என்ற வெளிர் நிற பீர் கலங்கி, ஊற்றும்போது எண்ணெய் போல நூல்விட்டு இறங்கினால் அது பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. பார்வைக்கு எல்லாமே கலங்கல்தான், காரணம் மட்டும் வேறு வேறு.

புளிப்பும் அப்படித்தான். பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியில் லாம்பிக் என்று ஒரு பீர் இருக்கிறது, கொதித்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றை அகலமான ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுக்கத் திறந்தே ஆறவிட்டு, காற்றிலும் மரப் பீப்பாயிலும் இருக்கிற காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து நொதிக்கவைக்கும்படி விடுவார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ். கேட்பதற்கு எல்லாம் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பது போல இருக்கும், உண்மையில் உலகத்திலேயே கவனமாகச் செய்யப்படும் பீர்களில் அதுவும் ஒன்று. எந்தப் பீப்பாயை எதோடு எவ்வளவு கலப்பது என்று தீர்மானிக்கிறவர் ஒவ்வொன்றையும் ருசித்துப் பார்த்து, வினிகராகத் திரும்பியதைக் கலவையில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுவார். பெர்லினர் வைஸ்ஸே என்ற கோதுமை பீரின் புளிப்பு லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா தருவது, அதுவும் திட்டமிட்டு வரவழைப்பதுதான். இவற்றின் புளிப்பையும், கழுவாத குழாய் வழியாக வந்து புளித்துப்போன ஒரு பேல் ஏலையும் (வெளிர் நிற ஏல்) ஒரே தட்டில் வைத்துப் புகழ்ந்தால் லாம்பிக் செய்கிறவருக்குத்தான் அவமானம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று நாம் கிராஃப்ட் பீர் என்று சொல்வதன் வரலாறே புளிப்பை விரட்டியதில்தான் தொடங்குகிறது. 1965-இல் ஃபிரிட்ஸ் மேடாக் என்ற இளைஞர் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் பீர் ஆலையில் பெரும்பங்கை வாங்கியபோது அது மூடப்போகிற நிலையில் இருந்தது. அங்கிருந்து வந்த பீர் அடிக்கடி புளித்துப்போய்க்கொண்டிருந்தது, வாங்கிய கடைகள் திருப்பி அனுப்பின. மேடாக் செய்த முதல் பெரிய வேலை சுத்தம். கருவிகளை மாற்றினார், ஈஸ்டைக் கவனித்தார், நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் ருசி, புகழ் எல்லாம். அதற்கும் முன்னால் போனால், 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து சுத்தமான வளர்ப்பைப் பிரித்தெடுத்தார். ஆலையின் ஈஸ்டில் காட்டு ஈஸ்ட் கலந்து பீரைக் கெடுத்ததுதான் காரணம் என்று அவர் காட்டியதும், அந்தச் சுத்தமான ஈஸ்டை மற்ற ஆலைகளுக்கும் கார்ல்ஸ்பர்க் கொடுத்தது. ஒரு பாட்டிலைப் போலவே அடுத்த பாட்டிலும் இருக்க வேண்டும் என்பது பெரிய கம்பெனிகளின் சதி என்பது போல உங்கள் கட்டுரை பேசுகிறது. நினைத்த ருசியைத் திரும்பவும் கொண்டுவர முடிவதுதானே கைத்திறன்? தச்சர் செய்த நாற்காலியின் கால்கள் உயரம் மாறியிருந்தால் கைவேலை என்று யாராவது மெச்சுவார்களா?

சரி, குறை என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெண்ணெய் வாசனை வந்தால் அது டையசெட்டில். ஈஸ்ட் வளரும்போது ஒரு பொருளை வெளியே விடுகிறது, அது பீரில் டையசெட்டிலாக மாறுகிறது, பிறகு அதே ஈஸ்ட் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாசனையில்லாத வேறொன்றாக மாற்றிவிடுகிறது. அதாவது ஈஸ்ட் தன் அழுக்கைத் தானே கழுவிவிடும், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஈஸ்டைப் பிரித்துவிட்டாலோ சட்டென்று குளிரவைத்துவிட்டாலோ வெண்ணெய் அப்படியே தங்கிவிடும். அதனால்தான் குளிரில் மெதுவாக நொதிக்கிற லாகர் என்ற பீரைச் செய்கிறவர்கள் நொதித்தல் முடியும் தறுவாயில் இரண்டு மூன்று நாள் வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றி வைக்கிறார்கள். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையில் பீரை எடுத்து மூடி, சுமார் 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிஷம் வைத்து, அப்புறம் ஆறவிட்டு முகர வேண்டும். சூடாக்காத பீரில் வெண்ணெய் இல்லை, சூடாக்கியதில் இருக்கிறது என்றால் அது பின்னால் வரப்போகிறது, இப்போது பாட்டிலில் அடைக்காதீர்கள் என்று அர்த்தம். சில ஆங்கில ஏல்களில் மெல்லிய வெண்ணெய் வாசனை இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள், எனக்கு அதுவும் பிடிக்காது.

பச்சை ஆப்பிளை வெட்டியது போன்ற வாசனை அசெட்டால்டிஹைடு, பெரும்பாலும் பீர் இன்னும் முதிரவில்லை என்பதற்கான அறிகுறி. வேகவைத்த மக்காச்சோளம் அல்லது முட்டைக்கோஸ் வாசனை வந்தால் அது டைமெத்தில் சல்ஃபைடு, வெளிர் நிற மால்ட்டிலிருந்து வருவது, பாத்திரத்தை மூடிவைத்துக் கொதிக்கவைத்தால் ஆவியோடு போகவேண்டியது திரும்பச் சொட்டிப் பீரிலேயே விழுந்துவிடும். மருந்துக்கடை, பிளாஸ்திரி வாசனை என்றால் தண்ணீரில் இருந்த குளோரின்மேல் சந்தேகம் வரவேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை ஆக்சிஜன் பட்டுப் பழசானதைச் சொல்கிறது, அதற்கு வைத்தியமே இல்லை, கீழே ஊற்றுவதுதான்.

வெளிச்சத்தால் வரும் கெடுதலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் நிறமில்லாத பாட்டில்கள் நல்ல வெயிலில் வரிசையாக நிற்கின்றன, அழகான படம், எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் படும்போது, பீரிலேயே இருக்கிற ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினின் உதவியோடு அது உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் உருவாகிறது. ஸ்கங்க் என்ற பிராணி எதிரியின்மேல் பீய்ச்சுகிற நாற்றத்துக்குப் பக்கத்து உறவு அது, மிகமிகக் குறைந்த அளவிலேயே மூக்கு பிடித்துவிடும். நேரடி வெயிலில் சில நிமிஷமே போதும். பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது, நிறமில்லாதது தடுக்கவே தடுக்காது, கேனுக்குள் வெளிச்சமே போகாது. பாட்டிலைவிடக் கேன் மட்டம் என்று இன்னும் நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் ஒரு லாகரில் வந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. அதே இரண்டும் ஹெஃபவைஸனில் வராவிட்டால்தான் தப்பு. வாழைப்பழம் ஐசோஅமைல் அசிட்டேட், கிராம்பு ஃபீனால் வகைப் பொருள் ஒன்று, இரண்டையும் அந்த ஈஸ்ட்தான் தருகிறது. ஆகவே என்ன பீர் செய்ய நினைத்தார்கள் என்று தெரியாமல் ஒரு பீரை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது. பீர் நடுவர்களுக்குப் பயிற்சி தந்து தேர்வு வைக்கும் பி.ஜே.சி.பி. என்ற அமைப்பு 1985-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அவர்களுடைய மதிப்பெண் தாளில் மொத்தம் 50, அதில் வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் குமிழுக்கும் சேர்த்து 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று! நாம்தான் நுரையையும் நிறத்தையும் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் பாதிப் பீர் சூடாகும்வரை செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

ருசி பார்ப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவையில்லை. கட்டுரையில் 'ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது' என்பது பாராட்டாக வந்திருந்தது, அது பாராட்டே கிடையாது. அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசனைப் பொருள்கள் காற்றில் ஏறாது, குறையும் தெரியாது, நிறையும் தெரியாது. லாகருக்கு 4 முதல் 7 டிகிரி, பேல் ஏலுக்கும் ஐ.பி.ஏ.வுக்கும் 8 முதல் 12, கருநிறமான, கனமான ஸ்டவுட்டுக்கும் ஆல்கஹால் மிகுந்த பார்லி ஒயின் என்ற பீருக்கும் 12, 13 டிகிரி என்று வைத்துக்கொண்டால் போதும். கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது, நுரை நிற்காது. பாட்டிலோடு வாயை வைத்துக் குடித்தால் மூக்குக்கு ஒரு வேலையும் இல்லை. நாம் ருசி என்று நினைப்பதில் பெரும்பகுதி வாசனைதான், அதுவும் விழுங்கிய பிறகு மூச்சை மூக்கு வழியாக விடும்போது தொண்டையிலிருந்து மேலே ஏறுகிற வாசனை. முதலில் முகருங்கள், சின்ன வாயாக எடுங்கள், விழுங்கியதும் மூச்சை வெளியே விடுங்கள், கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். மூன்று நான்கு பீர் இருந்தால் மெலிந்ததிலிருந்து ஆரம்பித்துக் கனமானதற்குப் போங்கள், நடுவில் தண்ணீர். லேபிளைப் பார்க்காமல் ருசிப்பது நல்லது, பெயரும் படமும் விலையும் நாக்கை ஏமாற்றுகிற அளவுக்கு வேறெதுவும் ஏமாற்றாது. வீம்பு பேசுகிற நண்பர் யாராவது இருந்தால் மூன்று கண்ணாடியில் ஊற்றி, இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு என்று வைத்து, எது வேறு என்று கேளுங்கள். பீர் ஆலைகளிலும் இதே சோதனைதான். பல பேருடைய வீம்பு அங்கேயே அடங்கிவிடும்.

கசப்பு எண்ணைப் பற்றியும் கட்டுரையாளர் ரொம்ப மெய்மறந்து எழுதியிருந்தார். ஐ.பி.யூ. என்பது பீரில் கரைந்திருக்கும் கசப்புப் பொருளின் அளவு, ஏறக்குறைய ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. நாக்கு உணர்கிற கசப்பு அதோடு நிற்பதில்லை, மால்ட்டின் இனிப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான். 60 ஐ.பி.யூ. உள்ள ஒரு கனமான இம்பீரியல் ஸ்டவுட்டைவிட 40 உள்ள ஒரு வறண்ட பேல் ஏல் அதிகம் கசக்கலாம். கொஞ்ச காலம் ஆலைகளுக்குள் யார் எண் பெரியது என்று போட்டி நடந்தது, அந்தப் பைத்தியம் தெளிந்தபோது அடுத்தது வந்தது, ஸ்டவுட்டில் கேக், பிஸ்கட், சாக்லேட், வெனிலா என்று எதையெல்லாமோ போட்டு பீரா இனிப்புப் பண்டமா என்று தெரியாமல் ஆக்குவது. பிடித்தவர்கள் குடிக்கட்டும். அவ்வளவு இனிப்புக்குள் எந்தக் குறையையும் மறைத்துவிடலாம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஒரு ஆலையின் திறமையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவர்களுடைய சாதாரண பில்ஸ்னரை வாங்கிக் குடியுங்கள், அதில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இப்போது ஹோம்புரூ. கட்டுரையில் இதற்கு ஒரு சின்னப் பெட்டிச் செய்திதான், அதுவும் ஏதோ மலிவாகப் போதை ஏற்றிக்கொள்ளும் தந்திரம் போல. உண்மையில் ருசி பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு ருசியும் எங்கிருந்து வந்தது என்று கைக்கே தெரிந்துவிடும். மால்ட்டைப் பொடித்து வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறோம். 63, 64 டிகிரியில் வைத்தால் நொதிகள் மாவுச்சத்தை ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக நன்றாக உடைத்துவிடும், பீர் வறண்டு மெலிந்து வரும். 68-இல் வைத்தால் ஈஸ்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் மிஞ்சும், வாயில் கனமாக நிற்கும். நாலைந்து டிகிரி வித்தியாசம்தான், இரண்டு பீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தவருக்கு வாய்நிறைவு என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஹாப்ஸும் அப்படித்தான், ஒரு மணி நேரம் கொதித்தால் கசப்பைத் தரும், வாசனை ஆவியாகிவிடும், கடைசியில் போட்டால் வாசனை தங்கும், கசப்பு குறைவு.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பளபளக்கும் பாத்திரத்துக்குச் செலவழிப்பார்கள், வெப்பத்தைக் கட்டுப்படுத்த ஒன்றும் செய்ய மாட்டார்கள். பெரும்பாலான ஏல் ஈஸ்டுகளுக்கு 18 முதல் 22 டிகிரி பொருந்தும். நொதிக்கும்போது ஈஸ்டே சூட்டை உண்டாக்கும், அதனால் அறையைவிட உள்ளே சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். முதல் மூன்று நாள் இதைக் கவனிக்காமல் விட்டால் நெயில்பாலிஷ் போன்ற வாசனையும் தொண்டையில் எரிகிற கனமான ஆல்கஹால்களும் வந்து சேரும், எத்தனை மாதம் வைத்திருந்தாலும் முழுதாகப் போகாது. குளிரவைக்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வேய்க் என்ற ஈஸ்ட் குடும்பம் 30 டிகிரிக்கு மேலேயும், சில வகைகள் 40 வரைக்கும்கூட, கெட்ட வாசனை இல்லாமல் நொதிக்கின்றன. மர வளையங்களில் காயவைத்து அடுத்த தடவைக்கு வைத்திருந்தார்களாம் அந்த விவசாயிகள். இப்போது அது காய்ந்த ஈஸ்டாகப் பொட்டலத்திலேயே கிடைக்கிறது. ஒரே மால்ட் சாற்றை இரண்டாகப் பிரித்து ஒன்றில் சாதாரண ஏல் ஈஸ்ட், இன்னொன்றில் க்வேய்க் போட்டுப் பாருங்கள், ஈஸ்ட் என்ன செய்கிறது என்பது ஒரே தடவையில் புரிந்துவிடும்.

பெட்டிச் செய்தியில் வந்த ஒரு பயத்தைத் தெளிவாக்க வேண்டும். வீட்டில் செய்த பீரில் மெத்தனால் விஷம் சேர்ந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். தானியத்தை நொதிக்கவைக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம், கடையில் வாங்கும் பீரில் இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணம் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலைக் கொண்டுவந்து கலப்பது. பீர் தயாரிப்பதில் காய்ச்சி வடிக்கும் வேலையே கிடையாது, இரண்டையும் குழப்பக்கூடாது. ஹோம்புரூவில் உண்மையான ஆபத்து பாட்டில் வெடிப்பது. நொதித்தல் முடியும் முன்பே அடைத்தாலும், குமிழுக்காகச் சேர்க்கும் சர்க்கரை கூடிப்போனாலும் கண்ணாடி சிதறும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாள் ஒரே அளவு காட்டிய பிறகு, லிட்டருக்கு 5 முதல் 7 கிராம் என்று எடைபோட்டுச் சர்க்கரை சேர்த்தால் பயமில்லை. அதே ஹைட்ரோமீட்டர் ஆல்கஹாலையும் சொல்லிவிடும், அடர்த்தி 1.050-இல் தொடங்கி 1.010-இல் நின்றால் சுமார் 5.25 சதவீதம்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது, அதையும் நீங்கள் எழுதியிருக்கலாம். பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் மத்திய அளவில் வழிவிட்டது, கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் ஒத்துக்கொள்ள 2013 ஆனது. ஜப்பானில் இன்றைக்கும் உரிமம் இல்லாமல் ஆல்கஹால் ஒரு சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆகவே தன் ஊரில் என்ன விதி என்று பார்த்துவிட்டுத்தான் யாரும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்ற வேண்டும்.

அப்புறம் இந்த நண்பர்கள் விஷயம். யாராவது தான் செய்த ஏலை ஆசையாக ஊற்றிக் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நாமும் 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டு மீதியைத் தொட்டியில் ஊற்ற நேரம் பார்த்துக்கொண்டிருப்போம். இதனால் அவருக்கு என்ன லாபம்? அடுத்த தடவையும் அதே மாதிரிதான் செய்வார். அதற்குப் பதிலாக, எத்தனை டிகிரியில் நொதித்தது, எத்தனை நாளில் அடைத்தீர்கள், பாட்டிலை எதால் கழுவினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பச்சை ஆப்பிள் வாசனை வருகிறது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் போயிருக்கும் என்று சொல்லுங்கள். வருத்தப்படுவார் என்று நினைக்காதீர்கள், இத்தனை பேர் குடித்தார்கள், ஒருவராவது கவனித்துக் குடித்தாரே என்று சந்தோஷப்படுகிறவர்கள்தான் இந்தப் பொழுதுபோக்கில் அதிகம். நல்லதையும் அதே மாதிரி குறிப்பாகச் சொல்ல வேண்டும். கருக வறுத்த மால்ட் இருந்தும் ஸ்டவுட்டில் காரல் இல்லை என்று ஒருவர் சொன்னால், பத்துப் பேர் 'சூப்பர்' என்றதைவிட அது நெடுநாள் நினைவில் நிற்கும்.

ருசி பார்க்கிறோம் என்ற பெயரில் ஆல்கஹாலின் கெடுதல் மறைந்துவிடாது. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே வகைப்படுத்திவிட்டது, எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று 2023-இல் உலக சுகாதார அமைப்பும் சொல்லியிருக்கிறது. குடிக்காதவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. குடிக்கிறவர்கள் சின்னக் கண்ணாடியில், குறைவாக, வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் குடிக்கலாம். ஆல்கஹால் நீக்கிய பீர்களும் இப்போது நன்றாகவே வருகின்றன, ஹாப்ஸ் வாசனையை அடையாளம் காணப் பழக அவையே போதும்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை பீர் பற்றி வெளியிடும்போது ருசித்த ஒவ்வொன்றுக்கும் அது என்ன வகை, ஆல்கஹால் எத்தனை சதவீதம், கேனிலோ பாட்டிலிலோ அடைத்த தேதி எது என்ற மூன்றையும் போடச் சொல்லுங்கள். ஹாப்ஸ் மிகுந்த ஐ.பி.ஏ. இரண்டு மூன்று மாதத்திலேயே வாசனையை இழக்க ஆரம்பித்துவிடும், தேதி தெரியாமல் அதைப் பற்றி எழுதுவதில் ஒரு பயனும் இல்லை. லேபிளை மறைத்து ருசித்தாரா என்பதையும் கட்டுரையாளர் ஒரு வரியில் சொல்லிவிடட்டும். அந்தக் கட்டுரையில் கடைசியாக வந்த, கொஞ்சம் வினிகர் சாயலோடு மனதைக் கவர்ந்தது என்று அவர் புகழ்ந்த பேல் ஏல் மிச்சம் இருந்தால், அதைச் செய்தவரிடம் பீர் வருகிற குழாயைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் ஏல் தயாரிக்கும் ஒரு வாசகர்